ஓவர்கிளாக் நிலைக்கவில்லையா? எப்போது விழுகிறது என்று பார்த்து வோல்டேஜைத் திருத்துங்கள்

நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட ஓவர்கிளாக் செய்த கணினி ஒருமுறை விழுந்ததும் (உறைவது, நீலத் திரை, ரீஸ்டார்ட்) பெரும்பாலோர் கை நேராக வி-கோருக்கு, அதாவது பிராசசர் கோர்களின் வோல்டேஜுக்குத்தான் போகும். கொஞ்சம் ஏற்றுவது, மறுபடி சோதனை ஓட்டுவது, விழுந்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றுவது. சில நேரம் இதிலேயே நிலைத்துவிடும். பல நேரம் கோளாறு ஒரு பக்கம் இருக்க, வோல்டேஜ் இன்னொரு பக்கம் ஏறிக்கொண்டிருக்கும். சூடு ஏறியதுதான் மிச்சம்.

பிராசசருக்குள் போகும் மின்சாரம் ஒரே வரியில் போவதில்லை. கோர்களுக்குப் போவது வேறு, மெமரி கன்ட்ரோலருக்குப் போவது வேறு, ராமுக்குப் போவது வேறு. கோர் வோல்டேஜ் ஒன்றையே எடுத்துக்கொண்டாலும், சும்மா இருக்கும்போது ஒரு அளவு, முழுச் சுமையில் ஒரு அளவு, சுமை ஏறி இறங்கும் அந்த நொடியில் இன்னொரு அளவு. அதனால் எவ்வளவு ஏற்றலாம் என்று யோசிப்பதற்கு முன், எந்த நேரத்தில் விழுந்தது என்று பாருங்கள். கீழே உள்ளதை அந்த வரிசையில்தான் பிரித்திருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டாதீர்கள்.

கை வைக்கும் முன்

பயாஸை டீஃபால்ட்டுக்குக் கொண்டுபோய், ராமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ புரொஃபைலையும் அணைத்துவிட்டு, ஒரு மணி நேரமாவது கடுமையான சோதனை ஓட்டிப் பாருங்கள். டீஃபால்ட்டிலேயே விழும் கணினியை வோல்டேஜால் சரிசெய்யப் பார்ப்பது வீண் வேலை. அங்கே பார்க்க வேண்டியது பவர் சப்ளை, ராம் குச்சி, கூலர் பொருத்தியிருக்கும் விதம் ஆகியவற்றைத்தான்.

அப்புறம், கோரையும் ராமையும் ஒரே நாளில் ஓவர்கிளாக் செய்யாதீர்கள். ராம் டீஃபால்ட்டில் இருக்கட்டும். கோர் நிலைத்த பிறகு ராம் பக்கம் போங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. எக்ஸ்எம்பியும் ஓவர்கிளாக்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். என்ன மாற்றினீர்கள், எந்தச் சோதனையில், எவ்வளவு நேரத்தில் விழுந்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு இப்போதே ஒரு நகல் எடுத்துவிடுங்கள். நிலைக்காத பிராசசர் தவறாகக் கணக்குப் போட்டால் அந்தத் தவறு அப்படியே டிஸ்க்கிலும் எழுதப்படும். சோதனை நடக்கும் நாட்களில் விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்தி வைப்பது நல்லது.

நீங்கள் வைத்த எண்ணும் சிப்புக்குப் போகும் எண்ணும்

பயாஸில் 1.30 வோல்ட் என்று வைத்தால் கோர்களுக்கு 1.30 போய்ச் சேரும் என்று நினைக்கக்கூடாது. சுமை ஏறி மின்னோட்டம் கூடும்போது வோல்டேஜ் இறங்கும். இது கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். எவ்வளவு இறங்கும் என்பதை லோட்லைன் தீர்மானிக்கிறது. கணக்கு எளிது: லோட்லைன் 1.1 மில்லிஓம், பிராசசர் இழுப்பது 150 ஆம்பியர் என்றால், பெருக்கினால் 165 மில்லிவோல்ட். அதாவது 1.30 வைத்த இடத்தில் முழுச் சுமையில் கிடைப்பது 1.135 வோல்ட்தான். லோட்லைன் கேலிப்ரேஷனை, அதாவது எல்எல்சியைக் கூட்டி, லோட்லைனை 0.4 மில்லிஓமுக்குக் கொண்டுவந்தால் இறக்கம் 60 மில்லிவோல்ட், கிடைப்பது 1.24. பயாஸில் இருப்பது அதே 1.30தான், ஆனால் பிராசசருக்கு இவை இரண்டும் வெவ்வேறு உலகம். "நான் 1.30-ல் ஓட்டுகிறேன், நீயும் அதையே வை" என்று ஒருவர் சொன்னால், அவருடைய எல்எல்சி என்ன, சுமையில் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்காமல் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எல்எல்சி நிலைகளின் எண்களும் போர்டுக்குப் போர்டு மாறும். ஒரு கம்பெனி போர்டில் 1 என்பது மிகக் கடுமையான நிலை, இன்னொன்றில் அதுவே மிக மென்மையானது. பயாஸில் பக்கத்திலேயே காட்டும் வரைபடத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அளவை எங்கே பார்ப்பது? எச்டபிள்யூஇன்ஃபோ என்ற அளவு காட்டும் மென்பொருளைத் திறந்தால் வோல்டேஜ் என்று பல வரிகள் வரும். விஐடி என்பது பிராசசர் கேட்கும் அளவு. கிடைத்த அளவு அல்ல. ஏஎம்டியின் ரைசனில் எஸ்விஐ2 அல்லது எஸ்விஐ3 என்று தொடங்கும் கோர் வோல்டேஜ் வரியைப் பாருங்கள். இன்டெல் போர்டில் விஆர் விஅவுட் என்ற வரி இருந்தால் அதை நம்பலாம். அது இல்லாமல் வெறும் வி-கோர் மட்டும் இருந்தால், சில போர்டுகள் அதை சாக்கெட் பக்கத்தில் அளக்கின்றன. அப்போது சுமையில் உண்மையை விடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். இனி இந்தக் கட்டுரையில் வோல்டேஜ் என்று நான் சொல்வது, வேறு விதமாகக் குறிப்பிடாத இடங்களில், சுமையில் காட்டும் அளவைத்தான்.

அறிகுறி: ஆன் செய்தால் திரையே வரவில்லை

மாற்றியது மல்டிப்ளையர் (கோர் வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் படிகளாக வைக்கும் எண்) மட்டும் என்றால், கேட்ட வேகத்துக்கும் கொடுத்த வோல்டேஜுக்கும் வெகு தூரம் என்று பொருள். பெரும்பாலான போர்டுகள் இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டுத் தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கும் சிமாஸை அழிக்க வேண்டும்: மின்சாரத்தை அணைத்து, கிளியர் சிமாஸ் பின்களைச் சில நொடிகள் இணையுங்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

மாற்றியது ராம் என்றால் கொஞ்சம் பொறுங்கள். டிடிஆர்5 போர்டுகளில் மெமரி டிரெய்னிங், அதாவது போர்டு ராமுக்கு ஏற்றபடி தன்னைச் சரிசெய்துகொள்வது, முதல் முறை சில நிமிடங்கள் கூட எடுக்கும். கருப்புத் திரையைப் பார்த்துப் பதறி நடுவில் அணைத்தால் முதலிலிருந்து தொடங்கும். போர்டில் உள்ள சிறிய டிராம் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், டிரெய்னிங் நடக்கிறது அல்லது அங்கேயே நின்றுவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

அறிகுறி: விண்டோஸ் வரும்போதே நீலத் திரை

பயாஸ் வரை வருகிறது, விண்டோஸ் சுழலும் வட்டத்தில் விழுகிறது என்றால் வோல்டேஜ் கணிசமாகக் குறைவு. இங்கே 5 மில்லிவோல்ட், 10 மில்லிவோல்ட் என்று தடவிக்கொண்டிருக்காமல், மல்டிப்ளையரை இரண்டு படி, அதாவது 200 மெகாஹெர்ட்ஸ் இறக்குங்கள். உறுதியான ஓர் இடத்தில் நின்றுகொண்டு அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறுவதுதான் வேகமான வழி. ராம் புரொஃபைல் ஆனில் இருந்தால் அதை அணைத்தும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: கடுமையான சுமை கொடுத்த சில நொடிகளில் அல்லது நிமிடங்களில் விழுகிறது

பிரைம்95 என்ற சோதனை மென்பொருளில் கோர்களை வாட்டும் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனையைப் போட்டவுடன் அல்லது வேகம் அளக்கும் சினிபெஞ்ச் நடுவில் நீலத் திரை. குறியீடு 101, அதாவது கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட், அல்லது 124, அதாவது திருத்த முடியாத வன்பொருள் பிழை. கோர் வோல்டேஜ் போதாமைக்கு இதுதான் பாடப்புத்தக அறிகுறி. 101 என்றால் ஏதோ ஒரு கோர் பதில் சொல்லாமல் நின்றுவிட்டது.

இங்கே வி-கோரை ஏற்றுவது சரிதான், ஆனால் முதலில் வெப்பத்தைப் பாருங்கள். விழுவதற்கு முன் 75 டிகிரியில் இருந்ததா, 95-ல் இருந்ததா? 75 என்றால் 10 முதல் 20 மில்லிவோல்ட் வரை ஒரு படியாக ஏற்றி மறுபடி ஓட்டுங்கள். 95 என்றால் ஏற்றாதீர்கள். சிலிக்கான் சூடாகச் சூடாக அதே வேகத்துக்குக் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். நீங்கள் வோல்டேஜ் கொடுத்தால் இன்னும் சூடாகும். அந்தச் சுழலில் ஒரு புள்ளிக்கு மேல், ஏற்ற ஏற்ற நிலை மோசமாகும். அந்த இடத்தில் 20 மில்லிவோல்ட் குறைத்துப் பாருங்கள். சில சிப்புகள் அதிலேயே நிலைத்துவிடும்.

வோல்டேஜின் விலை என்ன என்று ஒரு கணக்கு. மின்சக்தி வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும், வோல்டேஜுக்கு வர்க்க விகிதத்தில் ஏறும். 4.8 கிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட்டில் ஓடும் ஒரு பிராசசரை 5.0 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று வையுங்கள். வேகம் 4 சதவீதம் கூடுகிறது. மின்சக்தியோ சுமார் 21 சதவீதம் கூடுகிறது, கசிவு மின்னோட்டத்தைச் சேர்க்காமலேயே. 200 வாட்டில் இருந்தது 240-ஐத் தாண்டும். கடைசி 200 மெகாஹெர்ட்ஸுக்கு இந்த விலை கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. கூலருக்குள் அடங்கும் வேகத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதிப் பிரச்சினை வராமலே போகும்.

இன்டெல்லில் இன்னொன்றும் உண்டு. ஸ்கைலேக் தொடங்கி ராப்டர் லேக் வரை, டெஸ்க்டாப் சிப்புகளில் ரிங்குக்கும் (கோர்களையும் கேஷையும் இணைக்கும் பாதை) கோருக்கும் ஒரே வோல்டேஜ் வரிதான். ரிங் வேகத்தையும் ஏற்றி வைத்திருந்தால் கோர் போதாமை போலவே விழும். வி-கோரை ஏற்றும் முன் ரிங்கை டீஃபால்ட்டுக்கு இறக்கிப் பாருங்கள். அதில் நின்றால் கோர் நன்றாகத்தான் இருக்கிறது. ரிங்கிலிருந்து கிடைக்கும் லாபம் குறைவு. அதற்காகக் கோர் வோல்டேஜை ஏற்றுவது நட்டம்.

"ஏவிஎக்ஸ் சோதனை நிஜ வாழ்க்கையில் இல்லாத சுமை, அதைத் தள்ளிவிடலாம்" என்று ஒரு பேச்சு உண்டு. ஏவிஎக்ஸ் என்பது ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும் கனமான கட்டளைகள். அந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. வீடியோ என்கோடர், ரெண்டரிங் மென்பொருள், பல விளையாட்டுகள் என எல்லாவற்றிலும் இன்று ஏவிஎக்ஸ் இருக்கிறது. பிரைம்95-ல் 24 மணி நேரம் ஓட்டத் தேவையில்லை. ஆனால் அரை மணி நேரமாவது தாங்க வேண்டும். ஏவிஎக்ஸில் மட்டும் விழுகிறது, சாதாரணச் சுமையில் நிற்கிறது என்றால், பயாஸில் ஏவிஎக்ஸ் ஆஃப்செட் இருந்தால் அதை 1 அல்லது 2 வையுங்கள். அந்தக் கட்டளைகள் வரும்போது மட்டும் மல்டிப்ளையர் அத்தனை படி இறங்கும்.

அறிகுறி: நீலத் திரை இல்லை, சட்டென்று முழுவதும் அணைந்துவிடுகிறது

இதை மேலே சொன்னதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வோல்டேஜ் குறைவால் விழும் கணினி உறையும், நீலத் திரை காட்டும் அல்லது ரீஸ்டார்ட் ஆகும். மின்சாரம் போனது போல ஒரு நொடியில் இருண்டால் ஏதோ ஒரு பாதுகாப்பு வேலை செய்திருக்கிறது: பவர் சப்ளையின் மிகைமின்னோட்டப் பாதுகாப்பு, பிராசசருக்கு வோல்டேஜ் தரும் மதர்போர்டு விஆர்எம் சுற்றின் பாதுகாப்பு, அல்லது பிராசசரின் வெப்ப வெட்டு. ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று இருக்கும். கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்லாது.

இங்கே வோல்டேஜை ஏற்றினால் இன்னும் சீக்கிரம் அணையும். போர்டின் மேல் ஓரத்தில் உள்ள 8 பின் சிபியு இணைப்பு முழுவதும் உள்ளே போயிருக்கிறதா, இரண்டு இருந்தால் இரண்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விஆர்எம் வெப்பத்தைக் கவனியுங்கள். வாட்டர் கூலர் வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: காற்று அடிக்கும் கூலர் இல்லாததால் விஆர்எம் பக்கம் காற்றோட்டமே இல்லாமல் போவது உண்டு. பிராசசர் 70 டிகிரியில் குளுகுளுவென்று இருக்க, விஆர்எம் 110-ல் வெந்துகொண்டிருக்கும்.

அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, ஆனால் ஒரே ஒரு வொர்க்கர் மட்டும் பிழை காட்டி நிற்கிறது

பிரைம்95-ல் ஒரு வொர்க்கர், அதாவது ஒரு கோரில் ஓடும் சோதனைப் பகுதி, மட்டும் "ரவுண்டிங் 0.5 வந்தது, 0.4-க்குக் கீழே எதிர்பார்த்தேன்" என்ற பொருளில் பிழை எழுதிவிட்டு நின்றுவிடும், மற்றவை தொடரும். இது நல்ல செய்தி. எல்லைக்கு மிக அருகில் வந்துவிட்டீர்கள். 5 முதல் 15 மில்லிவோல்ட் பெரும்பாலும் போதும். ஒவ்வொரு முறையும் அதே வொர்க்கர்தான் நிற்கிறது என்றால் அது பலவீனமான கோர். ஒவ்வொரு கோருக்கும் தனி மல்டிப்ளையர் வைக்க விடும் போர்டு என்றால், அந்த ஒன்றை மட்டும் 100 மெகாஹெர்ட்ஸ் இறக்குங்கள். ஒரு கோருக்காக எல்லாக் கோருக்கும் வோல்டேஜ் ஏற்ற வேண்டாம்.

ஸ்மால் எஃப்எஃப்டி தாண்டுகிறது, ராமையும் பயன்படுத்தும் லார்ஜ் எஃப்எஃப்டி அல்லது பிளென்டில் மட்டும் நிற்கிறது என்றால் கோரை விடுங்கள். கீழே, கோப்புகள் கெடும் அறிகுறியில் உள்ள ராம் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: முழுச் சுமையில் மணிக்கணக்காக நிற்கிறது, சும்மா இருக்கும்போது விழுகிறது

இதுதான் அதிகம் பேரைக் குழப்புவது. இரவு முழுக்கச் சோதனை தாண்டியது. காலையில் பிரவுசரைத் திறந்ததும் ரீஸ்டார்ட். அல்லது சோதனையை நிறுத்திய அந்த நொடியில் உறைந்துவிடும். வெவ்வேறு மூன்று காரணங்கள் இதே முகத்தோடு வருகின்றன.

முதலாவது, மிகக் கடுமையான எல்எல்சி. இறக்கத்தைத் தவிர்க்க எல்எல்சியை உச்சத்தில் வைத்து, 1.29 வோல்ட் கொடுத்து, சுமையில் 1.28 வாங்கியிருக்கிறீர்கள். மென்பொருளில் கோடு போட்ட மாதிரி நேராகத் தெரியும். ஆனால் சுமை சட்டென்று ஏறும்போது மைக்ரோநொடிகளுக்கு வோல்டேஜ் ஆழமாகக் கீழே பாயும். சட்டென்று இறங்கும்போது மேலே எகிறும். எச்டபிள்யூஇன்ஃபோவோ மல்டிமீட்டரோ இதைக் காட்டாது. ஆசிலோஸ்கோப்தான் காட்டும். லோட்லைன் எதற்காக இருக்கிறதோ அந்த இடைவெளியையே நீங்கள் அழித்துவிட்டீர்கள். தீர்வு: எல்எல்சியை நடு நிலைக்கு இறக்குங்கள், பயாஸில் வைக்கும் எண்ணைக் கூட்டுங்கள். உதாரணத்துக்கு 1.34 வைத்து சுமையில் அதே 1.28 கிடைத்தால் சரி. முழுச் சுமையில் வெப்பம் மாறாது, ஆனால் ஏற்ற இறக்கத்தில் மூச்சுவிட இடம் இருக்கும். சும்மா இருக்கும்போது 1.34 காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். அப்போது மின்னோட்டம் மிகக் குறைவு. எனக்கு எந்த போர்டிலும் முதலில் கை போவது நடு எல்எல்சிக்குத்தான்.

இரண்டாவது, நெகட்டிவ் ஆஃப்செட், அதாவது வோல்டேஜை எங்கும் ஒரே அளவு குறைப்பது. ஆஃப்செட் வைத்தால் அது வோல்டேஜ் வளைவின் (எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் என்ற கோடு) எல்லாப் புள்ளிகளையும் சேர்த்து இழுக்கும். உச்ச வேகத்தில் 80 மில்லிவோல்ட் குறைத்தும் தாங்கும் சிப், தாழ்ந்த வேகத்தில் 0.7, 0.8 வோல்ட்டில் இருக்கும்போது அதே 80-ஐத் தாங்காது. இன்டெல்லில் அடாப்டிவ் முறை, டர்போ வேகத்தின் மேல்புறத்தைத்தான் பெரும்பாலும் மாற்றும். அதனால் ஆஃப்செட்டைச் சுருக்கி அடாப்டிவில் விட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, ரைசன் காரர்களுக்கு: ஒவ்வொரு கோரின் வோல்டேஜ் வளைவையும் படிப்படியாக நகர்த்தும் கர்வ் ஆப்டிமைசர். எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 வைத்து சினிபெஞ்சில் ஜம்மென்று ஓடும். காரணம், எல்லாக் கோரும் சேர்ந்து ஓடும்போது வேகம் குறைவாக இருக்கும். ஒரே ஒரு கோர் மட்டும் லேசான வேலையில் உச்ச பூஸ்டுக்கு எகிறும்போதுதான் உண்மையான சோதனை. அதனால்தான் பிரவுசரில் விழுகிறது. ஒரு படி என்பது தோராயமாக 3 முதல் 5 மில்லிவோல்ட்; மைனஸ் 30 என்றால் 100 மில்லிவோல்ட்டைத் தாண்டலாம்.

எந்தக் கோர் என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளில் டபிள்யூஎச்இஏ-லாகர் (விண்டோஸின் வன்பொருள் பிழைப் பதிவு), எண் 18 என்று தேடுங்கள். அதற்குள் பிராசசர் ஏபிஐசி ஐடி என்று ஓர் எண் இருக்கும். ஒரே சிப்லெட் (கோர்கள் இருக்கும் சிறிய சிலிக்கான் துண்டு) உள்ள 8 கோர் ரைசனில் அந்த எண்ணை 2-ஆல் வகுத்து மீதியை விட்டுவிடுங்கள். 10 என்றாலும் 11 என்றாலும் கோர் 5, சுழியத்திலிருந்து எண்ணினால். அந்தக் கோருக்கு மட்டும் மைனஸ் 30-ஐ மைனஸ் 25 ஆக்குங்கள். பிறகு கோர்சைக்ளரை ஓட்டுங்கள். அது ஒவ்வொரு கோராக ஒற்றைச் சுமை கொடுத்துச் சோதிக்கும். இரவில் ஓட விட்டுத் தூங்கப் போகலாம். மிகச் சிறந்தவை என்று கம்பெனியே குறித்த கோர்கள்தான் பெரும்பாலும் முதலில் விழும். குறைந்த வோல்டேஜில் அதிக வேகம் என்று ஏற்கெனவே விளிம்பில் வைத்திருப்பதால் அவற்றில் குறைக்க மிச்சம் அதிகம் இருப்பதில்லை. அவற்றுக்கு மைனஸ் 10, சுமாரான கோர்களுக்கு மைனஸ் 25 என்று முடிவது சகஜம்.

இந்த மூன்றும் இல்லாமல், ஆழ்ந்த உறக்க நிலையிலேயே உறைகிறது என்றால், ரைசன் போர்டுகளில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்ற அமைப்பை டிப்பிக்கல் கரன்ட் ஐடில் என்று மாற்றிப் பாருங்கள். சில பழைய பவர் சப்ளைகளால் மிகக் குறைந்த மின்னோட்டத்தைக் கையாள முடியாது.

அறிகுறி: விழவே இல்லை, ஆனால் மதிப்பெண் குறைந்துவிட்டது

வோல்டேஜைக் குறைத்தீர்கள், 4.9 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது, எந்தச் சோதனையிலும் விழவில்லை. ஆனால் சினிபெஞ்ச் மதிப்பெண் முன்பை விடக் குறைவு. ரைசனில் இதற்குப் பெயர் கிளாக் ஸ்ட்ரெச்சிங். வோல்டேஜ் போதாது என்று சிப் உணர்ந்தால் விழுவதற்குப் பதிலாகத் துடிப்பை நீட்டிக்கொள்ளும். எச்டபிள்யூஇன்ஃபோவில் சாதாரண கிளாக் வரியைப் பார்க்காமல் எஃபெக்டிவ் கிளாக் வரியைப் பாருங்கள். முழுச் சுமையில் இரண்டுக்கும் இடையே 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இடைவெளி இருந்தால் வோல்டேஜைக் கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள்.

இன்டெல் 12-வது தலைமுறையிலிருந்து சிஇபி என்ற பாதுகாப்பு இதே வேலையைச் செய்கிறது. வோல்டேஜ் எதிர்பார்த்ததை விடக் கீழே போனால் வேகத்தைப் பிடித்து இழுக்கும். ஆஃப்செட்டால் குறைத்தவர்களுக்கு மதிப்பெண் பாதியாகக் கூடச் சரியலாம். ஏசி லோட்லைன் எண்ணையும் (இறக்கத்தை ஈடுகட்ட சிப் எவ்வளவு கூடுதலாகக் கேட்க வேண்டும் என்பது) எல்எல்சியையும் பொருத்தமாக வைத்துத்தான் இதைச் சரிசெய்ய வேண்டும்.

அறிகுறி: விளையாட்டு மட்டும் திடீரென்று மூடிக்கொள்கிறது, கோப்புகள் கெடுகின்றன

ஜிப் கோப்பைப் பிரித்தால் பிழை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு நீலத் திரை, குறியீடு 1ஏ அல்லது 50. இது ராம் பக்கத்து வாசனை. மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் ஏற்றி ஓட்டுங்கள். விண்டோஸுக்குள் என்றால் டெஸ்ட்மெம்5. ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான். "ஒன்றுதானே" என்று விடாதீர்கள்.

ராம் குச்சிக்கான வோல்டேஜ் டிடிஆர்4-ல் டீஃபால்ட் 1.2, எக்ஸ்எம்பியில் பொதுவாக 1.35. டிடிஆர்5-ல் டீஃபால்ட் 1.1, புரொஃபைலில் 1.25 முதல் 1.4 வரை. குச்சியில் எழுதியிருப்பதைப் போர்டு உண்மையிலேயே வைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்தது மெமரி கன்ட்ரோலர். இன்டெல்லில் எஸ்ஏ, ரைசனில் எஸ்ஓசி வோல்டேஜ். இங்கே ஒரு முக்கியமான விஷயம்: ஆட்டோவில் விட்டால் சில போர்டுகள் தேவைக்கு மேல் அள்ளிக் கொடுக்கும். கூடுதலாக இருப்பதும் நிலையைக் கெடுக்கும். அதனால் இரு பக்கமும் தேடுங்கள், 1.25-ல் நிற்காத கணினி 1.15-ல் நிற்பது அபூர்வம் அல்ல.

ஏஎம்5 (ரைசன் 7000 முதல் வந்த சாக்கெட்) போர்டில் எஸ்ஓசி 1.30 வோல்ட்டைத் தாண்டவே கூடாது. 2023-ல் ரைசன் 7000எக்ஸ்3டி சிப்புகள் சாக்கெட்டோடு கருகிய சம்பவங்களுக்குப் பிறகு ஏஎம்டியே அந்த எல்லையைப் பயாஸ் வழியாகப் பூட்டியது. அந்தக் காலத்துக்கு முந்தைய பயாஸ் இன்னும் உங்கள் போர்டில் இருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

ராம் குளிர்ந்திருக்கும்போது சோதனை தாண்டி, ஒரு மணி நேரம் விளையாடிய பிறகு விழுந்தால் குச்சிகளின் வெப்பத்தைப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு வெளிவிடும் சூடு நேராக அவற்றின் மேல்தான் போகிறது. இறுக்கமான டைமிங் வைத்த குச்சிகள் 50 டிகிரியைத் தாண்டும்போது தடுமாறலாம்.

விளையாட்டு தொடங்கி ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தொகுக்கும் கட்டத்திலேயே மூடிக்கொண்டு, கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்று செய்தி வந்தால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஷேடர் தொகுப்பது பிராசசரின் வேலை. இன்டெல் 13, 14-வது தலைமுறைச் சிப்புகளில் நிலையின்மை வெளிப்பட்டபோது பலருக்கு வந்த செய்தி இதுவேதான்.

அறிகுறி: டபிள்யூஎச்இஏ 19, யூஎஸ்பி துண்டிப்பு, ஒலியில் கரகரப்பு

கணினி விழவில்லை, ஆனால் எண் 19, அதாவது திருத்தப்பட்ட பிழை, பதிவில் குவிகிறது. ரைசன் 5000-ல் இது பெரும்பாலும் சிப்பின் பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கின் வேலை. 1800 மெகாஹெர்ட்ஸ் வரை பெரும்பாலான சிப்புகள் வரும். 1900-க்கு மேல் போனால் வரிசையாகக் கொட்டும். எஸ்ஓசி, ஃபேப்ரிக்குக்கான விடிடிஜி வோல்டேஜ்களைத் தொட்டுப் பார்க்கலாம். விடிடிஜி எப்போதும் எஸ்ஓசியை விடக் குறைந்தது 40 மில்லிவோல்ட் கீழே இருக்க வேண்டும். ஆனால் நேர்மையாகச் சொன்னால், ஃபேப்ரிக்கை ஒரு படி இறக்குவதுதான் இங்கே சரியான மருந்து. திருத்தப்பட்ட பிழைதானே என்று ஓட விடுவது நல்லதல்ல. திருத்தும் வேலைக்கே நேரம் போய் வேகம் குறையும்.

அறிகுறி: மாதக்கணக்கில் நன்றாக ஓடியது, இப்போது விழுகிறது

வோல்டேஜைத் தொடும் முன் தூசியைப் பாருங்கள், பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள், அறை வெப்பம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பாருங்கள். குளிர் நாளில் விளிம்பில் நிறுத்திய ஓவர்கிளாக் கோடையில் விழுவது இயல்பு. பயாஸைப் புதுப்பித்திருந்தால் பழைய எண்கள் அதே பொருளில் இருக்காது. ஆட்டோவில் இருந்த அமைப்புகள் மாறியிருக்கலாம்.

இவை எதுவும் இல்லை, முன்பு 1.28-ல் நின்ற அதே வேகம் இப்போது 1.30 கேட்கிறது என்றால் சிப் தேய்ந்திருக்கிறது. கூடுதல் வோல்டேஜும் வெப்பமும் மின்னோட்டமும் சேர்ந்து செய்யும் வேலை இது, திரும்பி வராது. 1.30 கொடுத்து அதே வேகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் தேய்மானம் இன்னும் வேகமாகும், சில மாதங்களில் 1.32 கேட்கும். எனவே இந்த ஒரு அறிகுறிக்கு மட்டும் வோல்டேஜ் ஏற்றுவது தீர்வே இல்லை. வேகத்தை 100 அல்லது 200 மெகாஹெர்ட்ஸ் இறக்கி, வோல்டேஜையும் அதற்கேற்ப இறக்குங்கள்.

இன்டெல் 13, 14-வது தலைமுறை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். சிப் கேட்கும் வோல்டேஜ் 1.55-ஐத் தாண்டாமல் தடுக்கும் மைக்ரோகோடை (பயாஸோடு வரும் பிராசசர் திருத்தம்) இன்டெல் 2024 ஆகஸ்ட்டில் வெளியிட்டது. அதைத் தொடர்ந்து இன்னும் திருத்தங்கள் வந்தன. அவை உள்ள பயாஸ் போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அந்த மைக்ரோகோட் மீட்காது. பயாஸைப் புதுப்பித்து, எல்லாவற்றையும் டீஃபால்ட்டில் வைத்து, ராம் புரொஃபைலையும் அணைத்த பிறகும் விழுகிறது என்றால் அமைப்புகளோடு இனி மல்லுக்கட்ட வேண்டாம். இந்த இரண்டு தலைமுறைகளில் பாதிக்கப்பட்ட சிப்புகளுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டியிருக்கிறது. மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.